ஜெய்ப்பூர் கண்ட ஜெயசிங்

டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் ஜந்தர் மந்தரைக் கண்டிராத குடும்பம் அரிது. ஊரிலிருந்து உற்றார் வந்தால், செங்கோட்டை, குதுப் மினார், பிர்லா மந்திர் என்று சுற்றிக் காட்டும் வரிசையில் அதற்கும் ஓர் இடம் உண்டு. கன்னாட் பிளேஸுக்குத் தெற்கே, நாடாளுமன்றச் சாலையின் ஓரத்தில், வானை நோக்கி ஏறிச் சட்டென நின்றுவிடும் படிக்கட்டுகளும், கூரையற்ற வட்டச் சுவர்களும், தரையில் தோண்டிய பெருங்கிண்ணங்களுமாக விளங்கும் அவ்விடத்தைச் சிறுவர்கள் விளையாட்டுத் திடல் என்றே எண்ணுகின்றனர். பெரியோர் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு அகலுகின்றனர். இவை எதற்காகக் கட்டப்பட்டன, வேறெவ்வடிவிலும் இன்றி இவ்வடிவில் ஏன் கட்டப்பட்டன என்ற வினா நம்முள் சிலருக்கேனும் எழுந்திருக்கும். அவ்வினாவுக்கு விடை ஒரு மன்னருடைய வாழ்க்கையில் உள்ளது. ஆம்பேர் நாட்டை ஆண்ட சவாய் ஜெயசிங் என்பாரே அம்மன்னர். அவர் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

கச்வாஹா என்னும் இராஜபுத்திரக் குலத்தில், 1688-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள், ஆம்பேர் அரண்மனையில் அவர் பிறந்தார். ஆம்பேர் ஆரவல்லி மலையின் இடுக்கில் அமைந்த ஊர். மலைமேல் கோட்டை, மலைச்சரிவில் அரண்மனை, அடியில் நெருக்கிக் கட்டிய வீடுகள், உள்ளே வரவும் வெளியே செல்லவும் குறுகிய கணவாய் என்பதே அதன் அமைப்பு. பகைவரை அஞ்சி வாழும் குடிக்கு அதனினும் நல்ல இடம் கிடைத்தல் அரிது. ஆனால் அக்பர் காலந்தொட்டு ஆம்பேர் மன்னர்கள் மொகலாயப் பேரரசின் தளபதிகளாய் விளங்கியமையால், அவர்கள் வாழ்வின் பெரும்பகுதி அவ்விடுக்குக்கு வெளியே, காபூலிலும் வங்காளத்திலும் தக்காணத்திலும் கழிந்தது. ஜெயசிங்கின் தந்தை பிஷன் சிங்கும் வடமேற்கு எல்லையில் பணிபுரிந்துகொண்டிருந்தபோதே 1699-ஆம் ஆண்டின் இறுதியில் உயிர் நீத்தார். பதினொரு வயதுச் சிறுவன் அரியணை ஏறினான்.

சிறுவனை ஔரங்கசீப் தம் முன்னிலையில் சோதித்த கதை ஒன்று இராஜஸ்தானத்தில் வழங்குகிறது. பேரரசர் சிறுவனுடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டு, இனி உன்னால் என்ன செய்ய இயலும் என்று வினவினாராம். மணமகன் மணமகளின் ஒரு கையைப் பற்றினாலே ஆயுள் முழுதும் காக்கக் கடமைப்படுகின்றான். பேரரசரோ என் இரு கைகளையும் பற்றிவிட்டார். இனி எனக்கு என்ன குறை என்னும் பொருள்பட அவன் விடையிறுத்தானாம். மற்றவர்களினும் இவன் கால் பங்கு கூடுதலானவன் என்று கருதிப் பேரரசர் சவாய் என்ற பட்டத்தை அளித்தார் என்பர். சவாய் என்றால் ஒன்றேகால். கதை எவ்வாறாயினும் பட்டம் மெய். ஜெய்ப்பூர் அரண்மனையின் உச்சியில் ஒரு முழுக்கொடியின் மேல் கால்கொடி ஒன்றும் பறக்கும் வழக்கம் அதனின்றே தோன்றியது.

அவருடைய போர்களையும் அரசியலையும் நாம் விரித்துரைக்கப் போவதில்லை. 1702-இல் தக்காணத்தில் கேல்னாக் கோட்டை முற்றுகையில் பங்கு கொண்டார். 1707-இல் ஔரங்கசீப் இறந்து, மைந்தர்கள் அரியணைக்குப் போரிட்டபோது, தோற்ற பக்கத்தில் நின்றார். அதன் பயனாக ஆம்பேரையே இழந்தார். புதிய பேரரசர் பகதூர் ஷா அவ்வூரின் பெயரையும் மாற்றி, நாட்டை ஜெயசிங்கின் தம்பிக்கு அளித்தார். உதயப்பூர், ஜோத்பூர் மன்னர்களின் துணைகொண்டு 1708-இல் ஜெயசிங் தம் நாட்டை மீட்டார். அத்துணைக்கு ஈடாக உதயப்பூர் இளவரசியை மணந்தபோது, அவள் வயிற்றில் பிறக்கும் மகனே மற்ற மூத்த மைந்தர்களை விலக்கிப் பட்டத்துக்கு வருவான் என்னும் ஒப்பந்தத்துக்கு இசைந்தார். நாட்டை இழந்து நின்ற இருபது வயது இளைஞர், அன்றைய நெருக்கடியில் எழுதித் தந்த வாக்கு அது. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

பின்னர் மாளவத்துக்கும் ஆக்ராவுக்கும் ஆளுநராய் உயர்ந்தார். முகம்மத் ஷா பேரரசரானபின், ஔரங்கசீப் காலத்தில் மீண்டும் விதிக்கப்பட்டிருந்த ஜிஸியா வரியை நீக்குமாறு 1720-இல் வேண்டிப் பெற்றவர்களுள் அவர் முதன்மையானவர். டில்லி அரசவையில் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. அந்த எடையை அவர் செலவிட்ட விதம்தான் வியப்புக்குரியது. பிற மன்னர் பொன்னும் மண்ணும் கேட்கும் இடத்தில், இவர் வானத்தை அளப்பதற்கு இசைவு கேட்டார்.

இளமையிலேயே கணிதத்திலும் வானநூலிலும் அவருக்கு ஆழ்ந்த பற்று இருந்தது. அந்நாளில் வழங்கிய பஞ்சாங்கங்கள் காட்டிய கோள்நிலையும், கண்ணுக்குத் தோன்றிய கோள்நிலையும் வேறுபட்டு நின்றன. பிறை தோன்றும் நாள், கிரகண வேளை, கோள்கள் மறைந்து தோன்றும் காலம் யாவும் கணக்குக்குப் பிழைத்தன. விழாவும் விரதமும் திருமணமும் போர்ப்புறப்பாடும் அக்கணக்கையே நம்பியிருந்த காலம் அது. பழைய நூல்களைத் திருத்த வேண்டுமானால் வானத்தைப் புதிதாக அளக்க வேண்டும். முதலில் சமர்கண்டில் உலுக் பேக் என்னும் அரசர் மூன்று நூற்றாண்டுகட்கு முன் நிறுவிய வானாய்வுக் கூடத்தின் முறையைப் பின்பற்றிப் பித்தளைக் கருவிகளைச் செய்வித்தார். அவை அவருக்கு நிறைவளிக்கவில்லை. சிறிய வட்டத்தில் பாகையை நுண்ணிய பகுதிகளாகப் பிரித்தல் இயலாது, அச்சு தேய்கிறது, மையம் நகர்ந்துவிடுகிறது. ஆகவே கல்லாலும் சுண்ணத்தாலும், நகராத, தேயாத, பெரிய கருவிகளைக் கட்டுவது என்று துணிந்தார். கருவி கட்டிடமாயிற்று; கட்டிடமே கருவியாயிற்று.

டில்லியில் தமக்கு உரியதாயிருந்த ஜெயசிங்புரத்து நிலத்தில் 1724-ஆம் ஆண்டளவில் அவர் எழுப்பிய கூடமே இன்றைய ஜந்தர் மந்தர். யந்திரம் என்ற சொல்லே மக்கள் நாவில் ஜந்தர் என மருவியது. தொடர்ந்து ஜெய்ப்பூர், மதுரா, காசி, உஜ்ஜயினி ஆகிய நான்கு இடங்களிலும் கூடங்கள் எழுந்தன. ஓரிடத்தில் எடுத்த அளவை மற்றோரிடத்து அளவோடு ஒப்பிட்டுப் பிழை நீக்குவதே ஐந்து கட்டியதன் நோக்கம். உஜ்ஜயினியைத் தேர்ந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. நம் பழைய வானநூலார் தம் கணக்குகளுக்கெல்லாம் தொடக்கக் கோடாகக் கொண்ட தீர்க்கரேகை அவ்வூரின் வழியே செல்வது. பிற்காலத்தில் கிரீனிச் பெற்ற இடத்தை முற்காலத்தில் இந்தியாவில் பெற்றிருந்தது உஜ்ஜயினி. காசியில் புதிதாகக் கட்டிடம் எழுப்பாமல், தம் முன்னோர் மான்சிங் கங்கைக் கரையில் கட்டியிருந்த மாளிகையின் மேல்தளத்திலேயே கருவிகளை அமைத்தார். மேல்தளம் தாங்கும் அளவே கருவியின் அளவாயிற்று. ஆதலின் காசிக் கருவிகள் சிறியவை.

இவற்றுள் தலையாயது சம்ராட் யந்திரம். டில்லியில் நம் பிள்ளைகள் ஏறத் துடிக்கும் அந்த நெடும்படிக்கட்டு அதுவே. முக்கோண வடிவில் நிற்கும் ஒரு பெருஞ்சுவர். அதன் இருபுறமும் வளைந்த பிறை போன்ற இரு சுவர்கள். முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு துருவ விண்மீனை நோக்கி, பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. காலையில் அதன் நிழல் மேற்குப் பிறையின்மேல் விழுந்து இறங்குகிறது. நண்பகலுக்குப்பின் கிழக்குப் பிறையில் ஏறுகிறது. பிறைமேல் வெட்டியுள்ள கோடுகளைக் கொண்டு நேரம் அறியலாம். ஜெய்ப்பூரில் உள்ள சம்ராட் யந்திரத்தின் உயரம் ஏறத்தாழ 90 அடி. அங்கே நிழல் ஒரு விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்கிறது. சற்றே பொறுமையுடன் நிற்பவர் காலம் நடப்பதைக் கண்ணாரக் காணலாம். இரண்டு விநாடி வரை காட்டும் கோடுகள் அதில் உண்டு. கதிரவன் ஒரு புள்ளியாயின்றி அகன்ற வட்டமாய் இருத்தலால் நிழலின் விளிம்பு மங்கித் தெரியும். ஆகவே கோடு காட்டும் நுட்பம் முழுவதும் கண்ணுக்கு எளிதில் கிட்டுவதில்லை என்பதையும் கூறியே ஆகவேண்டும்.

இங்கு நாம் சற்று நின்று நோக்கத் தக்க செய்தி ஒன்று உளது. ஓர் ஊரில் துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் தோன்றுகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்வூரின் அட்சரேகை. அதுவே சம்ராட் யந்திரச் சுவரின் சாய்வும் ஆகும். ஆகவே டில்லியில் அச்சுவர் 28½ பாகைக்குச் சற்று மேலாகச் சாய்ந்திருக்கிறது. ஜெய்ப்பூரில் ஏறத்தாழ 27 பாகை. காசியில் 25 பாகைக்குச் சற்று மேல். உஜ்ஜயினியில் 23 பாகைக்குச் சற்று மேல். ஒரே மன்னர், ஒரே நூல்முறை, ஒரே பெயர் கொண்ட கருவி. எனினும் நான்கு ஊர்களில் நான்கு வடிவம். டில்லிக் கருவியை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் உஜ்ஜயினியில் வைத்தால் அது வெறும் சுவராகிவிடும். நம் தஞ்சையில் ஒன்று கட்ட நேர்ந்தால், 11 பாகைச் சாய்வில் அது ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். மண்ணுக்கேற்ற வீடு என்று நாம் பொதுவாகச் சொல்லுவோம். இங்கே மண் மட்டுமன்று, அம்மண்ணின் மேலுள்ள வானமும் சுவரின் வடிவை முடிவு செய்கிறது.

மற்றக் கருவிகளிலும் இத்தகைய தெளிவைக் காணலாம். டில்லியில் ராம யந்திரம் என்னும் இரு வட்டக் கட்டிடங்கள் அருகருகே நிற்பதைப் பார்த்தவர்கள், அழகுக்காக இரட்டையாகக் கட்டினர் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. தரையிலும் சுவரிலும் அளவுக்கோடுகள் வரைந்த பகுதிகளுக்கிடையே, ஆள் நின்று பார்ப்பதற்காக இடைவெளி விடவேண்டியதாயிற்று. இடைவெளி விட்ட இடத்தில் அளவு இல்லை. ஆகவே முதற் கட்டிடத்தில் இடைவெளியுள்ள இடத்தில் அளவும், அளவுள்ள இடத்தில் இடைவெளியும் அமையுமாறு இரண்டாவதைக் கட்டினர். இரண்டும் சேர்ந்தே ஒரு கருவி. தரையில் பதித்த கிண்ணம் போன்ற ஜெயப்பிரகாச யந்திரமும் அவ்வாறே இரட்டை. அக்கிண்ணம் கவிழ்ந்த வானத்தை நிமிர்த்தி வைத்தது போன்றது. இக்கட்டிடங்களில் பூவேலை இல்லை, சிற்பம் இல்லை. எனினும் உலகெங்குமிருந்து வரும் கட்டிடக் கலைஞர்கள் இவற்றின் வடிவழகைக் கண்டு வியக்கின்றனர். தேவைக்கு மேல் ஒரு கல்லும் வைக்காததால் விளைந்த அழகு போலும்.

கருவி மட்டும் இருந்து பயனில்லை, நூலும் வேண்டும். ஜெகந்நாத சம்ராட் என்னும் பண்டிதர், மன்னரின் ஏவலால் அரபு மொழி கற்று, கிரேக்க அறிஞர் தாலமியின் வானநூலையும் யூக்ளிடின் வடிவக் கணிதத்தையும் அரபு வழியாக வடமொழியில் பெயர்த்தார். மன்னருடைய கோள் அட்டவணை ஜீஜ்-இ-முகம்மத் ஷாஹி என்ற பெயரில், பேரரசருக்கு உரிமையாக்கப்பட்டு, பாரசீக மொழியில் வெளிவந்தது. ஐரோப்பியர் என்ன செய்திருக்கின்றனர் என்று அறியும் ஆவலால், ஏசு சபைப் பாதிரியார் மானுவெல் டி பிகைரெடோ தலைமையில் ஒரு தூதுக்குழுவைப் போர்ச்சுகலுக்கு அனுப்பினார். அக்குழு கொணர்ந்த பிரெஞ்சு வானியலாளர் லா ஹைரின் அட்டவணையைத் தம் கருவிகளோடு ஒப்பிட்டு, சந்திரன் இருக்குமிடத்தில் அரைப்பாகை அளவு பிழை இருப்பதைக் கண்டறிந்தார். 1734-இல் சந்திரநாகூரிலிருந்து இரு பிரெஞ்சுப் பாதிரிமார் அவரை நாடி வந்தனர். இந்து, இஸ்லாமிய, கிறித்துவ அறிஞர் மூவரும் ஒரு மன்னர் அவையில் ஒரே வானத்தைப் பற்றி வாதிட்ட காட்சியை எண்ணும்போது நம் உள்ளம் பூரிக்கின்றது.

ஆயினும், நடுநிலை தவறாமல் உரைப்பதானால், இங்கே ஒரு குறையையும் கூறவேண்டும். தொலைநோக்கி அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதன் வழியே வானத்தைப் பார்த்தும் இருக்கிறார். எனினும் அதை அளவைக் கருவியோடு இணைக்க அவர் முற்படவில்லை. கோபர்நிகஸ், கெப்ளர், நியூட்டன் ஆகியோருடைய கொள்கை அவர் அவையை எட்டவில்லை. அவருக்குக் கிடைத்த ஐரோப்பிய அறிவு பாதிரிமார் சுமந்து வந்த அளவினதே. வெறுங்கண்ணால் வானளக்கும் கலை அவர் கையில் அதன் உச்சியை எட்டியது. அதே காலத்தில் உலகம் வேறு வழியில் திரும்பிவிட்டது.

இனி நகருக்கு வருவோம். ஆம்பேரின் மலையிடுக்கு மக்கட்பெருக்கத்தைத் தாங்கவில்லை, நீரும் போதவில்லை. காலமும் மாறிவிட்டது. பேரரசின் பிடி தளர்ந்து, வழிகளில் கொள்ளை மலிந்ததால், வணிகர்கள் தம் பொருளுக்குக் காவலுள்ள இடத்தைத் தேடினர். மன்னரும் ஒளிந்து வாழும் ஊரன்று, வணிகம் வளரும் ஊரே இனி வேண்டும் என்று கண்டார். ஆம்பேருக்குத் தெற்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டரில், ஆக்ராவுக்கும் அஜ்மீருக்கும் இடைப்பட்ட வழியில், வடக்கும் கிழக்கும் மலை சூழ, தெற்கும் மேற்கும் திறந்து கிடந்த சமவெளியைத் தேர்ந்தெடுத்தார். 1727-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் கால்கோள் விழா நிகழ்ந்தது. வங்கக் குடியில் பிறந்து ஆம்பேர் அரசின் கணக்குத் துறையில் பணிசெய்த வித்யாதரர் என்பாரிடம் நகரமைப்புப் பொறுப்பை ஒப்படைத்தார். கட்டிடக் கலைஞரிடம் ஒப்படைக்காமல் கணக்கரிடம் ஒப்படைத்ததைக் கண்டு வியப்போர் உண்டு. ஆனால் நிலம் அளந்து, வரி வகுத்து, வரவு செலவு பார்த்தவருக்கே ஒரு நகரின் நாடித்துடிப்பு தெரியும் என்பது மன்னர் கருத்துப் போலும்.

நம் மனைநூல்கள் நிலத்தைப் பதங்களாகப் பிரிக்கச் சொல்லுகின்றன. ஒன்பது பதம் கொண்ட சதுரத்துக்குப் பீடம் என்று பெயர். நடுப்பதம் பிரம்மனுக்கு உரியது. வீதிகள் செல்லும் முறையைக்கொண்டு ஊர்களுக்குத் தண்டகம், நந்தியாவர்த்தம், பதுமகம், பிரஸ்தரம் என்று பெயர்கள் உண்டு. இந்நூல்களை ஐரோப்பியர்க்கு முதன்முதல் விளக்கிய பெருமை தஞ்சையில் பிறந்த ராம் ராஸ் என்பாரைச் சாரும். அவர் மறைந்தபின், 1834-இல் அவருடைய நூல் லண்டனில் அச்சாயிற்று என்பதை நாம் நினைவில் வைத்தல் தகும். நம் வீடுகளில் மனையடி சாஸ்திரம் என்றாலே வாயிலை இடிப்பதும் அடுப்பை மாற்றுவதுமாக ஓர் அச்சமே மிஞ்சியிருக்கிறது. ஜெய்ப்பூரில் அது அச்சமாக ஆளப்படவில்லை, அளவுகோலாக ஆளப்பட்டது.

ஜெய்ப்பூரும் ஒன்பது பெரும் பதங்களாக வகுக்கப்பட்டது. அது பிரஸ்தரமா, வேறொன்றா, எந்த நூலின் எந்த விதியைத் தழுவியது என்பதில் அறிஞர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். நமக்கு அவ்வழக்கினும் சுவை தருவது, விதி நிலத்தைச் சந்தித்த இடம். வடமேற்குப் பதம் விழவேண்டிய இடத்தில் நாகர்கட் மலை நின்றது. நூல் சொன்னபடி சதுரம் அமையவேண்டுமானால் மலையை அகற்ற வேண்டும். அல்லது நகரைச் சுருக்க வேண்டும். வித்யாதரர் இரண்டையும் செய்யவில்லை. அப்பதத்தை எடுத்து நகரின் தென்கிழக்கு மூலைக்கு அப்பால் வைத்துவிட்டார். சதுரம் சிதைந்தது, எண்ணிக்கை நின்றது. விட்டுக் கொடுத்த மூலையில் உள்ள மலைமேல் 1734-இல் கோட்டை எழுந்து நகருக்குக் காவலாயிற்று. நில வரைபடத்தை விரித்து, ஒரு மூலை குறைந்தும் எதிர்மூலை நீண்டும் கிடக்கும் அந்நகரைக் காண்போர்க்கு, அதில் மனிதர் இருவர் ஒரு மலையோடு செய்துகொண்ட உடன்படிக்கை தெரியும்.

வேறோர் இணக்கமும் உண்டு. நூல்முறைப்படி நெடுவீதி நேர் கிழக்கு மேற்காக ஓடவேண்டும். ஜெய்ப்பூரின் நெடுவீதியோ ஏறத்தாழ 15 பாகை விலகி ஓடுகிறது. அச்சமவெளியின் நடுவே மெல்ல உயர்ந்த ஒரு மேட்டு வரி இயல்பாகவே கிடந்தது. வீதி அம்மேட்டின் முதுகின்மேல் செல்லுமாறு அமைக்கப்பட்டது. அதனால் மழைநீர் இருபுறமும் தானே வடிந்தது. கிழக்கே சூரியபோல் என்னும் கதிரவன் வாயில், மேற்கே சந்திரபோல் என்னும் திங்கள் வாயில். கிழக்கு மலைமேல் சூரியன் கோயில். இரண்டு பாகையும் பிசகாமல் கருவி கட்டத் தெரிந்த மன்னர், வீதியை மட்டும் 15 பாகை விலகவிட்டது அறியாமையால் அன்று. வானத்தை அளக்கும் சுவர் வானத்துக்குக் கட்டுப்பட வேண்டும். மக்கள் வாழும் வீதி மண்ணுக்கும் நீருக்கும் கட்டுப்பட வேண்டும். எது எதற்குக் கட்டுப்படவேண்டும் என்ற தெளிவே அவருடைய பேரறிவு என்று நாம் கருதுகின்றோம்.

பெருவீதிகளின் அகலம் ஏறத்தாழ 110 அடி. அடுத்த வீதிகள் அதில் பாதி. அதற்கடுத்தவை அதிலும் பாதி. சந்துகள் பின்னும் பாதி. மாட்டு வண்டியும் ஒட்டகமும் பல்லக்கும் நடந்த காலத்தில் 110 அடி வீதி எவ்வளவு வீண் என்று அன்று சிலர் முணுமுணுத்திருப்பர். மோட்டார் வண்டிகள் நெருக்கும் காலத்திலும் அவ்வீதிகள் மூச்சு முட்டாமல் நிற்கின்றன. வீதி வெட்டும் இடங்களில் சௌபர் என்னும் நாற்சதுக்கங்கள், அங்கே படிக்கிணறுகள், மலையோடையைத் தேக்கிக் கால்வாய் வழியாகக் கொணர்ந்த நீர் அவற்றை வந்தடைந்தது. நாற்புறமும் மதில்; அதில் ஏழு வாயில்கள். வணிகர்களைப் பல நாடுகளிலிருந்தும் அழைத்து மனை வழங்கினர். பெருவீதியை ஒட்டிய கடைமுகப்புகள் ஒரே வரிசையாய், ஒரே உயரமாய் அமையவேண்டும் என்பது அரசு விதி. உள்ளே வீட்டை அவரவர் விருப்பப்படி கட்டலாம். முகப்பு ஊருக்கு, உள்வீடு உரியவனுக்கு என்னும் இந்நெறி, இன்று புதுக் குடியிருப்புகள் எழுப்புவோர் அனைவரும் கருதத் தக்கது. பொன்வினைஞர், கல்தச்சர், சாயமிடுவோர் முதலியோர் தத்தமக்குரிய பகுதிகளில் குடியேறினர். இளஞ்சிவப்பு நகரம் என்று இன்று சொல்லுகிறோமே, அவ்வண்ணம் ஜெயசிங் இட்டதன்று. 1876-இல் வேல்ஸ் இளவரசர் வருகையை ஒட்டி இரண்டாம் ராம்சிங் இட்டது. படங்களில் நாம் காணும் ஹவா மகாலும் 1799-இல் அவர் பேரன் பிரதாப்சிங் கட்டியதே.

நடுப்பதத்தில் கோயில் அமைதல் நம் தென்னாட்டு மரபு. மதுரையின் வீதிகள் மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாகச் செல்வதை அறிவோம். ஜெய்ப்பூரில் நடுவும் அதன் வடபாலும் அரண்மனைக்கும் தோட்டத்துக்கும் உரியவாயின. ஆனால் அங்கும் மன்னர் நடுவிடத்தைத் தமக்கே வைத்துக்கொண்டார் என்று சொல்லுதற்கில்லை. ஔரங்கசீப் காலத்தில் அச்சத்தால் பிருந்தாவனத்திலிருந்து மறைத்துக் கொணரப்பட்ட கோவிந்ததேவர் திருவுருவத்தை அத்தோட்டத்து மாளிகையில் எழுந்தருளச் செய்து, தம் சந்திர மாளிகையை அதற்கு எதிரே அமைத்தார். அரசர் தம் அறையிலிருந்தே இறைவனைக் காணலாம். இன்றும் அவ்வூர் மக்கள் நாள்தோறும் திரள்வது அரண்மனைக்கு அன்று, கோவிந்தர் சன்னிதிக்கே. அரண்மனைக்கு அருகிலேயே வானாய்வுக் கூடமும் இடம்பெற்றது. ஆலயமும் ஆட்சியும் ஆராய்ச்சியும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து நிற்றலை வேறெங்கும் காண்டல் அரிது.

கல்லிலும் கணக்கிலும் இவ்வளவு தெளிவு காட்டியவர், அரசியலில் அவ்வாறு இருந்தார் என்று கூற நம்மால் இயலவில்லை. தம் உறவினராகிய பூந்தி மன்னர் புத்த சிங்கை நீக்கித் தம் ஆளை அமர்த்தியது, இராஜஸ்தானத்தில் மராத்தியர் நுழையும் வழியைத் திறந்துவிட்டது. 1733-இல் மந்தசோரில் மராத்தியப் படையிடம் தோற்றுப் பொருள் கொடுத்து மீண்டார். அசுவமேத வேள்வி செய்து பழைய மன்னர் மரபைப் புதுப்பித்தார். ஆனால் வேள்விக் குதிரை செல்லக்கூடிய நிலம் ஆண்டுக்காண்டு சுருங்கியது. 1743-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் அவர் மறைந்தார். மூத்த மைந்தர் ஈசுவரி சிங் அரியணை ஏறினார். 1708-இல் எழுதித் தந்த வாக்கு அப்போது விழித்துக்கொண்டது. உதயப்பூர் இளவரசியின் மகன் மாதோ சிங் பட்டத்தைக் கோரினார். உதயப்பூர் அவருக்குத் துணை நின்றது. மராத்தியர் இரு பக்கமும் பொருள் வாங்கினர். ஏழாண்டுப் போராட்டத்தின் முடிவில், 1750-இல், கடன் தீர்க்க வழியின்றி ஈசுவரி சிங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மலை ஒன்று குறுக்கே நின்றால் என்ன செய்யலாம் என்று அறிந்த தந்தை, மைந்தர் இருவர் குறுக்கே நிற்கும் நாளுக்கு ஒரு திட்டமும் வைத்துச் செல்லவில்லை.

வானாய்வுக் கூடங்களும் ஆதரவற்றுப் போயின. மதுராவில் இருந்தது 1857-க்கு முன்பே அடியோடு மறைந்தது. ஜெய்ப்பூர்க் கூடம் 1901-இல் செப்பனிடப்பட்டது. 2010-இல் உலக மரபுச் சின்னமாகவும், மதில் சூழ்ந்த பழைய நகரம் 2019-இல் அவ்வாறே உலக மரபு நகரமாகவும் அறிவிக்கப்பெற்றன. ஜெய்ப்பூரில் ஆண்டுதோறும் ஆஷாட மாதப் பௌர்ணமியன்று சம்ராட் யந்திரத்தின் உச்சியில் கொடி ஏற்றிக் காற்றின் திசை பார்த்து மழைக்குறி சொல்லும் வழக்கம் நிலவுகிறது. டில்லிக் கூடத்தின் நிலை வேறு. சுற்றிலும் எழுந்த உயர்ந்த கட்டிடங்கள் வானத்தை மறைப்பதாலும், அளவுக்கோடுகள் தேய்ந்தமையாலும், அங்கே முன்போல் அளவெடுத்தல் இயலாததாயிற்று. வானுக்கென்று வடிவமைத்த சுவருக்கு வானம் இல்லை.

ஜெய்ப்பூர் செல்லும் நம் குடும்பத்தினர், வெயில் உள்ள முற்பகலில் சம்ராட் யந்திரத்தின் முன் பிள்ளைகளை நிறுத்தி, நிழல் காட்டும் நேரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒப்பிடச் செய்யலாம். கடிகாரம் ஏறத்தாழ 27 நிமிடம் முந்தியிருக்கும்; பருவத்துக்கேற்பச் சில நிமிடம் கூடும் அல்லது குறையும். யந்திரம் பழுதாயிற்று என்று பிள்ளைகள் சொல்லுவர். பழுது ஒன்றும் இல்லை. நம் கடிகாரம் இந்தியா முழுமைக்கும் பொதுவாக, அலகாபாத்தை ஒட்டிச் செல்லும் ஒரு தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. ஜெயசிங்கின் சுவர், தான் நிற்கும் ஊரின் நேரத்தைக் காட்டுகிறது.